பதினாறாம் நாள் வந்த வேன்

போன வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது இது. நான் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட்டில் இருக்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அடுத்தவர் நமக்குச் செய்த உதவியை எழுதக் கை தானாக ஓடும். நான் செய்த காரியத்தை எழுத உட்கார்ந்தால் மட்டும் துணி மடிக்கிற ஞாபகமும் பாத்திரம் கழுவுகிற ஞாபகமும் வந்துவிடும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பதும், அதைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். அதற்காக ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்திருந்தேன். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எங்கேயோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர். விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கறுப்புத் திரையில் கட்டளை எழுதி நடத்துவார்கள். எனக்கு அது தெரியாது. தெரியாதவர்களுக்கென்று கண்ட்ரோல் பேனல் என்று ஒன்று இருக்கிறது. கலர் கலராகப் பொத்தான்கள் இருக்கும். புதுத் தளம் வேண்டுமா, ஒரு பொத்தான். ஈமெயில் வேண்டுமா, இன்னொரு பொத்தான். அழுத்தினால் உள்ளே என்னவோ செய்துவிட்டு, முடிந்தது என்று பச்சை டிக் காட்டும். அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்தே நான் பத்து வருஷம் பிழைப்பு நடத்தினேன். யாராவது கேட்டால், "சர்வர் எல்லாம் நானே மேனேஜ் பண்றேன் லா" என்று கொஞ்சம் கெத்தாகவே சொல்வேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

பக்கத்து ஊரான கிள்ளானில் ஒரு டீச்சர் எனக்குப் பழக்கம். சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் போக வர வண்டி இல்லாதவர்களுக்காக, நாலைந்து பேரைச் சேர்த்து ஒரு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். யாரை எத்தனை மணிக்கு எங்கே ஏற்றுவது என்பதை ஆரம்பத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அடித்தல் திருத்தலில் ஒருதரம் குழப்பம் வந்துவிட்டது. நான் சும்மா இருக்காமல், "குடுங்க டீச்சர், நான் ஆன்லைன்ல போட்டுத் தரேன்" என்றேன். டீச்சர் பெயர்களை அதில் மாற்றுவார். ஒவ்வொரு வேன் நாளும் காலை நாலே முக்காலுக்கு, அன்றைய லிஸ்ட் ஓட்டுநரின் போனுக்குத் தானாகப் போய்விடும். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் வேனுக்குப் புதிதாக ஓர் அண்ணன் வந்திருந்தார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். ஷிப்ட் மதியம்தான் என்பதால் காலையில் இந்தப் புண்ணியத்தைச் செய்ய வந்தார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான், இருந்தாலும் நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அக்கா என்பார். முதல் நாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். வீட்டு கேட்டுக்கு முன்னால் இரண்டு சின்ன ஹாரன் அடிக்க வேண்டும். பழைய லிஸ்ட்டை அன்றன்றைக்கே போனிலிருந்து அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழம்பும். கடைசியாக ஒன்று சொன்னேன். "அண்ணே, மனசுல இருக்கறத நம்பாதீங்க. லிஸ்ட்டுல இருக்கறத மட்டும் நம்புங்க." டீச்சர்கூட அதற்குத் தலையாட்டினார்.

அந்த அண்ணன் சேர்வதற்குச் சில நாள் முன்னால்தான் வேனில் போய்வந்த ஒரு பெரியவர் இறந்துபோனார். கிள்ளான்காரர், மூன்று வருஷமாக அந்த வேனில் போனவர். அவர் போனதும் டயாலிசிஸ் மையத்தில் ஒரு நாற்காலி காலியானது. அந்த இடம் கிள்ளானுக்கு வெளியே, ஜெஞ்சாரோமில் இருக்கிற ஓர் ஆன்டிக்குக் கிடைத்தது. டீச்சர் லிஸ்ட்டில் பெரியவர் பெயரை எடுத்துவிட்டு ஆன்டி பெயரைப் போட்டார். செவ்வாய், வியாழன், சனி. அண்ணன் அந்த ஆன்டியை நாலு தடவை ஏற்றி இறக்கியிருப்பார்.

அதற்கடுத்த புதன்கிழமை மத்தியானம், கிள்ளானில் சேலைக்கடை வைத்திருக்கும் பாய் போன் செய்தார். கடையின் தளம் வெள்ளையாக நிற்கிறதாம், ஒரு சேலைப் படமும் இல்லையாம். தீபாவளி வியாபார நேரம், மனுஷர் பதறிப்போய்ப் பேசினார். பேனல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது எதையோ மாற்றிவிட்டிருந்தது. எதை என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. பேனலில் பழைய நகலைத் திரும்ப வைக்கிற பொத்தான் ஒன்று உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று வாரத்துக்கு முந்தைய நகலைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். நிச்சயமா என்று ஒரு கேள்வி வந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் வருமே, படிக்காமலே ஆமாம் போட்டேன். பச்சை டிக் வந்தது. பாய் கடைக்கு உயிர் வந்தது. "நல்லா இருப்பீங்கம்மா" என்று வாழ்த்தினார். நான் கீழே இறங்கிப்போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். பேனல்காரனுக்கு ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் காசு. அதை மிச்சம் பிடிக்க, வேன் லிஸ்ட்டைப் பாயின் கடைக் கணக்குக்குள்ளேயே ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தேன். இலவச வேலைதானே என்ற நினைப்பு. அந்தப் பொத்தான் ஒரு தளத்தை மட்டும் திருப்பவில்லை. அந்தக் கணக்கில் இருந்த அத்தனையையும் மூன்று வாரம் பின்னுக்குக் கொண்டுபோனது. சேலைப் படங்களோடு சேர்த்து, செத்துப்போன பெரியவரின் பெயரும் லிஸ்ட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆன்டி பெயர் போய்விட்டது. பச்சை டிக், சொன்ன வேலை முடிந்தது என்றுதான் சொல்லும். என்ன வேலை செய்தேன் என்று சொல்லாது. நானும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குப் போன் அடித்தது. வேன் அண்ணன். "அக்கா, ஜெஞ்சாரோம் ஆன்டி பேரக் காணோம். கிள்ளான்ல புதுசா ஒரு அங்கிள் பேரு இருக்கு. சரிதானா பாருங்களேன்?"

பாருங்களேன் என்றுதான் கேட்டார். நான் தூக்கக் கலக்கத்தில் போனிலேயே பேனலைத் திறந்தேன். எல்லாம் பச்சை. லிஸ்ட்டைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். "எல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே, லிஸ்ட்டப் பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு, போனைச் சைலண்டில் போட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவர் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனார். அன்றைக்கு அந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம். வாசலில் கொட்டகை போட்டு, சொந்தக்காரர்கள் முன்னறையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். கொட்டகையைப் பார்த்து இவர் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு சின்ன ஹாரன் அடித்தார்.

பெரியவரின் மனைவி எழுந்து வந்தார். டயாலிசிஸ் அறையில் குளிரும் என்று போகிறவர்கள் ஒரு போர்வை கொண்டுபோவார்கள். மூன்று வருஷமாக அந்த ஹாரன் சத்தத்துக்கு எழுந்து போர்வையை எடுத்துக் கொடுத்த கை. அந்த அம்மா தூக்கத்திலேயே போர்வையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்துவிட்டார். கேட்டில் கை வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அதற்குள் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி, "அங்கிள் ரெடியாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். உள்ளேயிருந்து ஓடி வந்த உறவுக்காரர்கள், செத்த மனுஷனைக் கூப்பிட வந்திருக்கிறான் பார் என்று அண்ணன் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறி எனக்கு மூன்று தடவை போன் அடித்திருக்கிறார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வேனில் ஏற்கெனவே மூன்று பேர் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆன்டியின் நம்பர் பழைய லிஸ்ட்டில்தான் இருந்தது. அதை நான் சொன்னபடி அழித்திருந்தார். நான் எல்லாம் சரி என்று சொல்லியிருந்ததால், ஆன்டியை வேறு நாளுக்கு மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்து, இருந்தவர்களை மையத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே நர்ஸ், ஆன்டி எங்கே என்று கேட்டபோதுதான் அவருக்கு உதறல் எடுத்தது. டீச்சருக்கு அடித்தார். டீச்சர் வகுப்பில் இருந்தார், போன் கைப்பையில். இனி ஜெஞ்சாரோம் போய் ஆன்டியை அழைத்து வந்தாலும் அவருடைய நேரம் தாண்டியிருக்கும்.

அந்த நேரம் முழுக்க ஜெஞ்சாரோமில் ஆன்டி, தலை சீவிப் பொட்டு வைத்து, கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் நாலரைக்கே தொழிற்சாலை பஸ்ஸில் போய்விடுவாள். வேன் ஜாமில் மாட்டியிருக்கும் என்று எட்டு மணி வரைக்கும் அசையவில்லையாம். உள்ளே போனால் ஹாரன் கேட்காதோ என்று தண்ணீர்கூடக் குடிக்கப் போகவில்லை.

பத்து மணிக்கு டீச்சர் எனக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். பேசிக்கொண்டே நான் லிஸ்ட்டைத் திறந்தேன். பெரியவர் பெயர் இருந்தது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பாயின் கடை, அந்தப் பொத்தான், எல்லாம்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? டீச்சர் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே, பெரியவர் பெயரை எடுத்துவிட்டு ஆன்டி பெயரைப் போட்டேன். சேமித்தேன். பிறகு சொன்னேன்: "இப்பத்தான் பாக்கறேன் டீச்சர். லிஸ்ட் சரியாத்தான் இருக்கு."

அந்த நிமிஷத்தில் அது பொய் இல்லை. அதுதான் அதில் இருக்கிற அசிங்கம்.

மையத்தில் அன்றைக்கு வேறு நாற்காலி காலி இல்லை. மறுநாள் மதியம் வரச் சொன்னார்கள். ஆன்டியால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போதே நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, பக்கத்து வீட்டுக்காரர் காரில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டீச்சர் செய்தி அனுப்பினார். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். ஆன்டி பிழைக்க வேண்டும் என்று கும்பிட்டேனா, நான் தப்பிக்க வேண்டும் என்று கும்பிட்டேனா, சத்தியமாக எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டில், கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். ஆன்டி இன்னும் வார்டில்தான் இருந்தார். டீச்சர் கோபக்காரர் இல்லை, ஆனால் அன்றைக்கு முகம் இறுகியிருந்தது. லிஸ்ட் சரியாக இருந்தும் எப்படி இது நடந்தது என்று அண்ணனைக் கேட்டார். அவர் போனைக் கையில் எடுத்தார். ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவர் போனைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டு, "என்ன சொல்றதுன்னு தெரியல டீச்சர்" என்றார்.

யாரோ ஒருவர், பழைய லிஸ்ட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்றார். இன்னொருவர், பாவம், ராத்திரி வரைக்கும் லோரி ஓட்டிவிட்டு விடியற்காலை வேன் ஓட்டினால் கண் எப்படித் தெரியும் என்றார். கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். அண்ணன் வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். டீச்சர் கோப்பி கொண்டுவந்து வைத்தார். நான் அந்தக் கோப்பியைக் குடித்தேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பு எல்லாம் இல்லை, மீன்முள் தொண்டையில் நின்றதுபோல ஒவ்வொரு மிடறுக்கும் குத்தியது. புதன்கிழமை காலை, பாய் வேறு ஏதோ வேலைக்குப் போன் செய்து, "உங்க கைராசி, வியாபாரம் பிச்சிக்கிட்டுப் போகுது" என்றார். அதைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. வீட்டுக்குப் பக்கத்துச் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஏறி, கொமுட்டர் ரயிலில் கடைசி ஸ்டேஷனான போர்ட் கிள்ளான் வரைக்கும் போனேன்.

அண்ணன் வீட்டு வாசலில் ஸ்லிப்பரோடு நின்று மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உள்ளே வரச் சொல்லவுமில்லை. குழாயை மூடிவிட்டு நின்றார். நான் புதன்கிழமை அழுத்திய பொத்தானிலிருந்து வியாழக்கிழமை மாற்றிய பெயர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். பேனல்தான் இப்படிச் செய்துவிட்டது என்றும் நடுவில் ஒருதரம் சொல்லிப்பார்த்தேன்.

அவர் போனை எடுத்து நீட்டினார். அன்றைய லிஸ்ட். பெரியவர் பெயர், வீட்டு எண், காலை ஐந்தரை. "தெனமும் நீங்க சொன்ன மாதிரி அழிச்சிடுவேன். அன்னிக்கி மட்டும் அழிக்கல" என்றார்.

ஏன் அண்ணே டீச்சரிடம் காட்டவில்லை என்று கேட்டேன். அவர் என்னைக் காப்பாற்ற நினைத்திருப்பார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"காட்டத்தான் எடுத்தேன். நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் கா. மனுஷங்க தப்பு பண்றதுதான், சொல்லிடுவாங்கன்னு. ஞாயித்துக்கெழம சொல்லல. திங்கக்கெழம சொல்லுவீங்கன்னு பாத்தேன். இன்னிக்கி புதன்." அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. நாற்பது வயதுக்கு மேல் நடு ரோட்டில் நின்று அழுதேன். அவர் சமாதானப்படுத்தவில்லை. அது சரிதான்.

அங்கேயே நின்று டீச்சருக்குப் போன் செய்தேன். அண்ணன் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். ஐந்து மணிப் போனையும் சொன்னேன், பெயரை மாற்றியதையும் சொன்னேன். டீச்சர், "சாவி இங்கதான் இருக்கு, அவர வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. அந்த ரெண்டு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். அதுவரைக்கும் என்னை வா போ என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு வந்த 'ங்க' இன்னும் போகவில்லை.

பெரியவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா திட்டுவார் என்று தயாராகப் போனேன், திட்டவில்லை. நான் சொல்லி முடித்ததும், "அந்த ஒரு நிமிஷம் அவரு குளிச்சிக்கிட்டு இருக்காருன்னுதான் நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். போர்வை சோபாக் கைப்பிடியில் மடித்துக் கிடந்தது. அதற்குமேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை.

ஆன்டி நாலு நாள் வார்டில் இருந்துவிட்டு வீடு வந்திருந்தார். அவர் வேறு ரகம். நல்ல வாய். நான் கம்ப்யூட்டர், பேனல், நகல் என்று விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் எனக்கு எதுக்கு? அந்தத் தம்பி என் பேரச் சொல்லிக் கேட்டான்ல? எந்திரிச்சுப் பாத்தியா, இல்லியா?"

இல்லை ஆன்டி என்றேன்.

"அதச் சொல்லு முதல்ல" என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு எனக்கு மைலோ கலக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு வேன் லிஸ்ட்டைப் பேனலிலிருந்தே எடுத்துவிட்டேன். பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையைக் கற்றுக்கொண்டேன். இன்னும் தடுமாறித்தான் செய்கிறேன். ஆனால் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல் அதில் ஒரு வரிகூட எழுத முடியாது, அது எனக்கு நல்லது. பழையபடி ஒரு நோட்டும் வேனில் இருக்கிறது. அண்ணன்தான் வேன் ஓட்டுகிறார். லிஸ்ட்டில் ஏதாவது வித்தியாசமாக இருந்தால் எனக்கு இல்லை, நேராக அந்த வீட்டுக்கே போன் போடுகிறார். என்னோடு மரியாதையாகப் பேசுவார். முன்னைப்போல் சிரித்துப் பேசுவதில்லை.

ஆன்டிக்கு மட்டும் லிஸ்ட் மேல் இன்றைக்கும் நம்பிக்கை இல்லை. திங்கள், புதன், வெள்ளி, சாயந்தரம் ஏழு மணி ஆனால் என் போன் அடிக்கும். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. "நாளைக்கு என் பேரு இருக்காம்மா?" அவ்வளவுதான் கேள்வி. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, லிஸ்ட்டைத் திறந்து, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரைக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அவர் பெயர் வந்ததும் "ஆங், சரி" என்று வைத்துவிடுவார். இதே கேள்வியைத்தான் ஒரு காலையில் ஒருவர் என்னிடம் கேட்டார், நான் பார்க்காமலே பதில் சொன்னேன் என்ற நினைப்பு, அந்தப் போனை வைக்கும்போது எனக்கு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.